ஓட்டிக்குக் கட்டம் இல்லை

நோர்வூட் சந்தியில் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினால் வீதி கெசல்கமு ஓயாவின் போக்கிலேயே மேலே ஏறும். இரண்டு பக்கமும் தேயிலை. பொகவந்தலாவையில் இறங்கி விசாரித்தால் புனித மரியாள் ஆலயத்தைக் காட்டுவார்கள். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் அருகருகே அடக்கமாகியிருக்கிறார்கள். மனைவியின் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் முதல் கேமரா கைக்கு வந்தது. டார்வினையும் டென்னிசனையும் ஜோன் ஹெர்ஷலையும் அவர் எடுத்த படங்களில்தான் இன்றைக்கும் உலகம் பார்க்கிறது. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், பாடசாலைச் சரித்திரப் புத்தகத்தில் நாம் படித்த கோல்புறூக் - கேமரன் ஆணைக்குழுவின் அதே கேமரன். இந்த மலைநாட்டில் கோப்பிக் காணி வாங்கியவர். 1875இல் இருவரும் இங்கிலாந்து வீட்டை விட்டு இலங்கைக்கு வந்தார்கள். தங்களுக்கான சவப்பெட்டிகளையும் ஒரு பசுமாட்டையும் கூடவே கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்வார்கள். 1879 ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளங்கன் தோட்டத்துப் பங்களாவில் அம்மையார் காலமானார். இன்று கிளங்கன் என்றால் நமக்கு ஆஸ்பத்திரிதான். 2017 மே 12ஆம் திகதி அதன் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்துவிட்டுத்தான் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் பேச வந்தார்.

இந்த அம்மையாரின் வம்சத்தைத் தேடுகிறவருக்குச் சிரமமே இல்லை. கீழே இறங்கி வந்தால், தங்கை மரியாவின் மகளுடைய மகள்தான் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப். மேலே ஏறினால் தாய் அடிலீன், தாயின் தாய் தெரேஸ் என்று போய்ப் புதுச்சேரியில் நிற்கலாம். அந்த வழியில் சந்திரநாகூரைச் சேர்ந்த வங்காள இந்துப் பெண் ஒருத்தி இருந்தாள், கத்தோலிக்கத்துக்கு மாறிப் பிரெஞ்சு அதிகாரி ஒருவரை மணந்தவள் என்று வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிள் எழுதியிருக்கிறார். அவரும் அம்மையாரின் இன்னொரு சகோதரியின் வழி வந்தவர்தான். பெண்ணுக்குப் பெண்ணாகவே கோடு இழுத்துக்கொண்டு போகலாம். கடிதம், திருமணப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, உயில் எல்லாம் இருக்கின்றன.

இலங்கையிலும் அவர் கேமராவை மூடி வைக்கவில்லை. அப்படி எடுத்தவற்றில் 30க்கும் குறைவான படங்களே இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று களுத்துறையில் எடுத்தது. நாட்டுப்புறத்து ஆட்கள் சிலர் நிற்கிறார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் ஒரு கிழவரும். படத்துக்கு அவர் எழுதி வைத்த குறிப்பு, பெண்ணுக்கு 12 வயது என்கிறது. தன் வயது 100 என்றும் தான் அவளுடைய தகப்பன் என்றும் அந்தக் கிழவர் சொன்னதைச் சொல்கிறது. இரண்டு பேருடைய பெயரும் அதில் இல்லை. இங்கிலாந்தில் அவர் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர், கன்னி மரியாளாகப் பல படங்களுக்கு நின்றவள். அவள் பெயரை நாம் இன்றும் சொல்கிறோம். களுத்துறைச் சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு வழியில்லை.

அதே 1870களில்தான் என் ஓட்டியும் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்திருக்கிறாள். பாட்டிக்கு மேல் பூட்டி, பூட்டிக்கு மேல் ஓட்டி. நான் தேடுவது அம்மா வழி ஓட்டியை. அம்மாவின் அம்மா எனக்கு அம்மாயி. அம்மாயியின் அம்மா பூட்டி. பூட்டியைப் பெற்றவள் இவள்.

அம்மாயி சொல்லி எனக்குத் தெரிந்தது நாலே நாலு விஷயம். ஓட்டி துறையூர்ப் பக்கத்துக்காரி. தாது வருஷப் பஞ்சத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளையாக நடந்து வந்தவள். தாயோடு வந்தாள், தகப்பன் வரவில்லை. இடது கையில் தேள் பச்சை குத்தியிருந்தாள்.

தாது வருஷம் என்பது 1876 சித்திரையில் பிறந்தது. மழை பொய்த்துச் சென்னை மாகாணம் முழுக்கப் பட்டினியில் விழுந்து, 1878 வரைக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நம் பெரியவர்களுக்கு ஆங்கில வருஷக் கணக்கு தெரியாது, தாது வருஷம் தெரியும். எந்தத் தோட்டத்து லய வரிசையிலும் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிக் குடும்பத்துக் கதை அந்தப் பஞ்சத்தில்தான் தொடங்கும். தோணியில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியாக மாத்தளைக்கு வந்து சேர வேண்டும். வழியில் வாந்திபேதி. விழுந்தவர்களை விட்டுவிட்டு நடந்தார்கள். 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்த ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் அந்த வழியைத்தான் மறுபடி மிதித்தது. படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓட்டியுடைய தாயின் நினைவுதான். ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் பிள்ளை. மாத்தளையோடு நடை முடிந்துவிடவும் இல்லை. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். அதற்கு முன்னால் இந்த மலைக்கு வந்தவர்கள் காலை நம்பித்தான் வந்தார்கள்.

ஓட்டி வந்த நேரத்தையும் யோசிக்க வேண்டும். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் விழுந்து, தோட்டம் தோட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை மெல்ல மற்ற மலைகளுக்கும் ஏறியது. கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் வந்தார்கள், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு அது சரிவராது. கொழுந்து வருஷம் முழுக்கத் தழையும், வாரத்துக்கு வாரம் எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும், லயம் வேண்டும். வந்து போகிற கூட்டமாக இருந்தவர்கள் மலையக மக்களானது பெண்கள் இங்கே தங்கியதனால்தான். ஆதாரம் கேட்டால் நான் கொழுந்துக் கூடையைத்தான் காட்டுவேன்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவளின் பெயர் ஏன் எங்கேயும் இல்லை?

கடல் தாண்டிப் போன மற்றத் தமிழர்களுக்கு இந்தக் குறை இவ்வளவு இல்லை. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் இருந்தார்கள். நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், வயது, ஊர், சாதி, உடம்பு அடையாளம் எல்லாம் உண்டு. மொறீசியசில் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கயானாவில் பிறந்த காயத்ரா பகதூர் தன் பூட்டி சுஜாரியாவைத் தேடி ஒரு புத்தகமே எழுதினார், 2013இல் வெளிவந்தது. 1903இல் கல்கத்தாவில் கப்பலேறியவள் சுஜாரியா. 27 வயது, கர்ப்பிணி, கூட ஆண் துணை இல்லை, காலில் தீக்காயத் தழும்பு. இத்தனையும் அவளுடைய பயணச் சீட்டில் எழுதியிருந்தது. அந்த ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டு பகதூர் பீகார் வரைக்கும் போய்த் தேடினார்.

அந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தீக்காயத் தழும்பை ஒரு குமாஸ்தா எழுதி வைத்தான். தேள் பச்சையை யாரும் எழுதவில்லை.

நம்முடையவர்கள் ஆள் ஆளாக ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள் இல்லை. கங்காணி கூட்டி வந்தார். ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, சோறு, கம்பளி எல்லாம் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக ‘துண்டு’ வேண்டும், கடனை அடைக்கிற துரை அந்தத் துண்டை எடுப்பார். தாளில் முக்கியம் தொகை, அதற்கு அடுத்தது கங்காணியின் பெயர். அவருக்குக் கீழே இத்தனை தலை என்று கணக்கு. துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921இல். அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை அதில் போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு தகரவில்லை வந்தது. தோட்டத்தின் இலக்கம் அடித்த சின்னத் தகரம், வருகிறவர்கள் அதை உடம்போடு வைத்திருக்க வேண்டும். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று அதைப் பார்த்தால் தெரியும். ஆள் யார் என்று தெரியாது.

புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்கு ஒரு கைந்நூலும் அச்சடித்தார்கள். அதன் தலைப்பு ‘இங்கே வா’. பெயர் தெரியாதவளை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு அவர்கள் கண்ட வழி அதுதான்.

தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்திருக்குமே என்பார்கள். இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிட்ட பெயர், அவர் காதில் விழுந்தபடி, கைக்கு வந்தபடி எழுதிய பெயர். அதுவும் புருஷன் பெயருக்குப் பக்கத்தில், அவன் குடும்பத்துக் கணக்கில். அவள் எடுத்த கொழுந்துக்கான சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ வாங்குகிற வழக்கம் நம் காலம் வரைக்கும் இருந்ததே. தோட்டங்கள் கைமாறிக் கம்பெனிகள் மாறியபோது பழைய ரோல்கள் எத்தனையோ ஈரத்திலும் கறையானிலும் போயின. கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தின் பழைய லயத்தில் தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்று இருக்கிறது. சட்டி பானை, கூடை, கவாத்துக் கத்தி, பழைய காகிதங்கள் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். போகாதவர்கள் ஒருமுறை போக வேண்டும், முடிந்தால் வீட்டுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு.

எங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி. அம்மாயியுடையது. மேலே பூ வரைந்திருக்கும், பூவில் பாதி துருவோடு போய்விட்டது. வீட்டுக் காகிதம் முழுக்க அதற்குள்தான், பொலித்தீன் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. எல்லாவற்றையும் பாயில் பரப்பி உட்கார்ந்தபோது முதலில் கைக்கு வந்தது என்னுடைய பிறப்புப் பத்திரம். நீங்களும் உங்களுடையதை எடுத்துப் பாருங்கள், பழைய படிவமாக இருந்தால் இது இருக்கும். பெயர், தகப்பன், தாய். பிறகு ஒரு கட்டம்: பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: தகப்பன் இலங்கையில் பிறக்காமல், பூட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், ஆண்டு, இடம்.

பாட்டனுக்குக் கட்டம் உண்டு. பூட்டனுக்குக் கட்டம் உண்டு. பாட்டிக்கும் பூட்டிக்கும் இல்லை. ஓட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் நிற்பது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இந்த நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இரண்டு பேருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்த ஒரு சட்டத்தால் நம் சனம் நாடற்றவர்களானது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்குள் வேறொன்றும் குத்துகிறது. என் பூட்டி டிக்கோயாவில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவள். ஓட்டி இந்த மண்ணில் கொழுந்தெடுத்து இந்த மண்ணிலேயே புதைந்தவள். இரண்டு தலைமுறைப் பெண்கள் இங்கே பிறந்து வாழ்ந்து செத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது கணக்கே இல்லை. நாட்டைக் கொடுக்கத் தகப்பனால்தான் முடியும் என்று எழுதி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதிக்குள் 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்கு. வதிவை நிரூபிக்கப் பழைய காகிதம் தேடி ஒவ்வொரு வீடும் பெட்டியைக் கொட்டியது அப்போதுதான். அம்மாயி பெட்டியில் பைக்குள் பை போட்டுக் காகிதத்தைக் காத்த பழக்கம் அங்கேயிருந்து வந்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் பெரியம்மா அந்தக் கணக்கில் கூடலூருக்குப் போனவர். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் போய் மறுபடியும் கொழுந்தெடுத்தார். ஓட்டி வந்த வழியில் நூறு வருஷம் கழித்துத் திரும்பிப் போனார் என்று சொல்லலாம், ஆனால் போய்ச் சேர்ந்தது துறையூர் இல்லை.

தகப்பன் வழியைத் தேடுகிறவர்களுக்கு இவ்வளவு சட்டம் பண்ணிய கொடுமையிலும் ஒரு பலன் மிஞ்சியிருக்கிறது, காகிதம். ஓட்டனைத் தேடலாம். குலதெய்வம் எது என்று கேட்டால் ஊர் தெரியும், பங்காளிகள் தெரிவார்கள். ஓட்டியைத் தேட அந்த வழி உதவாது. கல்யாணமான அன்றைக்கே அவளுக்குக் குலதெய்வம் மாறிவிட்டது. குலதெய்வத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அவள் புருஷனுடைய ஊரில்தான் போய் நிற்போம்.

அவளை வேறு இடங்களில் தேட வேண்டும் என்று புரிந்துகொள்ள எனக்கு வருஷக்கணக்காகிவிட்டது. தாய்மாமன் முறை ஒன்று. பிள்ளைக்குக் காது குத்துகிறபோதும் பெண் பெரியவளானபோதும் தாய்மாமன் சீர் கொண்டுவந்தே ஆக வேண்டும். சட்டம் தாய்வழியை அழித்தாலும் சடங்கு அழிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சடங்குகளுக்கு யார் யார் எந்தத் தோட்டத்திலிருந்து சீர் கொண்டுவந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்தபோது, பூட்டி பிறந்த வீட்டார் இருந்த தோட்டம் தெரிந்தது. அடுத்தது ஒப்பாரி. பறிகொடுத்தவள் மாரடித்து அழும்போது பிறந்த வீட்டையும் பெற்றவளையும் ஊரையும் சொல்லி அழுவாள். துறையூர் என்ற சொல்லே அம்மாயி வாயில் அப்படி ஒரு சாவு வீட்டில்தான் முதலில் விழுந்ததாம். கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா அதை மறக்கவில்லை. பக்கத்து லயத்தில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த பாட்டி யாராவது இருந்தால் இந்த மாதத்துக்குள் போய்ப் பேசிவிடுங்கள்.

மூன்றாவது வழி பெயர். அதைத்தான் நான் கடைசி வரைக்கும் கவனிக்கவில்லை.

அம்மாயியின் பிறப்புப் பத்திரமும் அந்தப் பெட்டியில் இருந்தது. 1920களில் தோட்டத்தில் பதிந்தது, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து நாலு துண்டாகும் நிலையில். அதில் அவர் பெயரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். காத்தாயி, அங்காயி என்பது போல ‘ஆயி’ என்று முடிகிற பழைய பெயர். வீட்டிலோ லயத்திலோ யாரும் அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. தாத்தாவுக்கு ‘ஏ புள்ள’. அக்கம்பக்கத்துக்குச் சின்னக்குட்டி, பிறகு சின்னக்குட்டி அக்கா, கடைசியில் சின்னக்குட்டிப் பாட்டி. கணக்கப்பிள்ளை ஏதோ எழுதிவிட்டார் என்று நினைத்தேன். நம் ஆட்களின் பத்திரங்களில் அப்படிப் பிழை எத்தனையோ உண்டு. திருத்தப் போய் அலுவலகப் படியில் காத்துக்கிடந்தவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் கூடலூருக்கு வாட்ஸ்அப்பில் பேசும்போது அந்தப் பெயரைப் பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியம்மாவுக்கு இப்போது காது மந்தம், பேத்தி பக்கத்தில் இருந்து சத்தமாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அவர் அதட்டினார், அந்தப் பேரை அப்படி மொட்டையாகச் சொல்லக் கூடாதாம்.

ஏன் என்று கேட்டேன்.

மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர், இரண்டாவது பேத்திக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர், அதுதான் எங்கள் வீட்டு முறை என்றார் பெரியம்மா. பெயரைச் சுமப்பவள் என்பதால்தானே பெயர்த்தி என்றார்கள். அம்மாயி இரண்டாவது பெண். வைத்தது அம்மாவைப் பெற்றவளின் பெயர். ஆனால் பெற்ற தாயின் பெயரைச் சொல்லி ‘ஏண்டி, இங்க வாடி’ என்று பிள்ளையைத் திட்டப் பூட்டிக்கு வாய் வரவில்லை. அதனால் கூப்பிடுவதற்குச் சின்னக்குட்டி. அந்தப் பெயரைத் தோட்டத்து ஆபீசில் கணக்கப்பிள்ளையிடம் ஒரே ஒரு தரம் சொன்னதோடு சரி, பிறகு வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுப் பத்திரத்தை மறுபடியும் விளக்குக்கு நேரே பிடித்தேன். மை பழுப்பாகிவிட்டது, ‘ஆயி’ என்று முடிகிற இடத்தில் மடிப்பு விழுந்து ஓர் எழுத்து பாதிதான் இருக்கிறது. பெயர் என்ற முதல் கட்டத்திலேயே இருந்திருக்கிறாள்.